வீடு யார் பேரில்? – அத்தியாயம் 9

கௌஸ் முகம்மதுவின் வீட்டில் ஓட்டெடுப்பு நடந்து இன்றோடு மூன்று வாரம்.

கேள்வி ஒன்றுதான். அமீரகத்து அல் ஐனை விட்டுவிட்டு ஒரேயடியாகக் காயல்பட்டினத்துக்குக் குடிபோய்விடலாமா? போகலாம் என்று கை தூக்கியது கேள்வியைக் கேட்ட கௌஸ் முகம்மது ஒருவர் மட்டுமே. பத்தாம் வகுப்பு ஃபஸ்னா வேண்டவே வேண்டாம் என்று இரண்டு கையையும் தூக்கினாள். ஷவ்வால் மாதத்தில் கல்யாணம் வைத்திருக்கிற மூத்தவள் அஃப்னா, "எனக்கு எதுன்னாலும் ஓகே" என்று போனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். மிச்சம் ஜுபைதா. "எனக்கு யோசிக்கணும்" என்றாள் அவள்.

"சரி. நீ சொல்றதுதான் முடிவு" என்று சொல்லிவிட்டார் கௌஸ் முகம்மது. இருபத்து நாலு வருட இல்வாழ்க்கையில் அவர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை.

அதை நம்பி ஜுபைதா யோசித்தாள். சும்மா விட்டத்தைப் பார்த்து யோசிக்கிற ஆள் அவள் இல்லை. ஊரிலிருக்கும் தம்பி ராஜிக்குக்கு நாள் தவறாமல் போன் போட்டாள். ஃபஸ்னாவுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்குமா, குழாயில் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, பல் டாக்டர் உள்ளூரிலேயே இருக்கிறாரா இல்லை தூத்துக்குடிக்கு ஓட வேண்டுமா? ஒரு வாரம் பொறுமையாகப் பதில் சொன்ன ராஜிக், இரண்டாவது வாரம், "ராத்தா, நீங்க குடி வாரீங்களா, இல்ல ஊரயே வெலைக்குப் பேசுறீங்களா?" என்று கேட்டேவிட்டான்.

அவளுக்கு இங்கே விட்டுப்போக மனமில்லாதது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. ஸ்டீயரிங். நாலு தடவை டெஸ்டில் தோற்று ஐந்தாவது தடவை லைசன்ஸ் வாங்கியவள். ஆறு வருடமாகக் கௌஸ் முகம்மதுவின் கடை வேனை அவள்தான் ஓட்டுகிறாள். ஃப்ளாஸ்க், பிக்னிக் பாய், கரி அடுப்பு என்று கடைச் சரக்கை சனையா தொழிற்பேட்டையிலிருந்து ஏற்றி வருவதும் அவள்தான். ஊரில் அவள் தெருவில் ஒரு பெண் கார் ஓட்டிப் போனால் அது ஒரு வாரப் பேச்சு. வீட்டுக்குப் பின்னால் பெண்கள் மட்டும் நடக்கிற முடுக்கு உண்டு. அந்தச் சந்தில் வேன் போகாது.

இருந்தும் இன்று காலை ஃபஜ்ர் தொழுதுவிட்டு எழுந்தபோது அவளுக்கு மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. போகலாம். காரணம் கௌஸ் முகம்மதுதான். கடையில் ஆளில்லாத மத்தியானங்களில் அவர் ஸ்டூலில் உட்கார்ந்து ரோட்டைப் பார்க்கிற பார்வை அவளுக்குப் பிடிக்கவில்லை. எல்லோரும் போனில் ஆர்டர் பண்ணும் காலத்தில் எந்த அரபி வந்து ஃப்ளாஸ்க்கின் மூடியைத் திறந்து பார்த்து வாங்கப் போகிறான்? மனிதர் ஒரு வருடத்தில் பத்து வயது கூடினவர் மாதிரி ஆகிவிட்டார். அவருக்காகவே போகலாம். மத்தியானச் சாப்பாட்டில் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தாள்.

அதற்கு முன்னால் ஒரு வேலை இருந்தது.

காயல்பட்டினத்தில் வீடு பெண்ணுக்கு. ஆண் பிறந்தால் பெயர் தேடுவார்கள், பெண் பிறந்தால் செங்கல் விலை விசாரிப்பார்கள். கல்யாணம் ஆனதும் மாப்பிள்ளை பெண்வீட்டில் வந்து குடியேறுவார். ஆக, ஊரில் பாதிப் பேருக்குச் சொந்த வீடு கிடையாது. அந்தப் பாதி முழுக்க ஆண்கள். கௌஸ் முகம்மது பிறந்த வீடு அவருடைய ராத்தாவுக்குப் போனது. அவர் ஒரு சூட்கேஸோடு ஜுபைதாவின் வாப்பா கொடுத்த வீட்டில் வந்து இறங்கினார், அதிலும் லீவுக்கு லீவு.

இனி முறைப்படி அந்த வீடு அஃப்னாவுக்குப் போக வேண்டும். மாப்பிள்ளை ஹஸ்னைனுக்குச் சவூதியில், தம்மாமில் வேலை. "கல்யாணத்துக்கு முந்தியே புள்ள பேர்ல பத்திரம் வந்துடணும்னு ஜுலைஹா பீவி சொல்றாஹ" என்று கௌஸ் முகம்மது சொல்லியிருந்தார். ஜுலைஹா பீவி ஹஸ்னைனின் உம்மா. ஜுபைதா இங்கிருந்தே எழுதிக் கொடுக்க வேண்டுமானால் ராஜிக்கின் பேருக்குப் பவர் கொடுக்க வேண்டும். அந்தக் காகிதத்தில் தூதரக அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். தூதரகத்தார் அபுதாபியிலிருந்து வந்து இந்தியர் சங்க ஹாலில் உட்காரும் சனிக்கிழமை இன்று. இதை விட்டால் இன்னும் இரண்டு மாதம்.

"மெதுவாப் போ. ரவுண்டானா வருது" என்றார் கௌஸ் முகம்மது, மடியில் ஃபைலை அணைத்துக்கொண்டு.

"ஆறு வருசமா அது இங்கதான் இருக்குது. நேத்தா வச்சாங்க?"

பின் சீட்டில் அஃப்னா சிரித்தாள். பிறகு முன்னால் சாய்ந்து, "உம்மா, வீட்ட எழுதிக் குடுக்குறதுல உங்களுக்கு ஓகேதானே? ஐ மீன், உங்களுக்குக் கஷ்டமா இல்லையா?" என்று கேட்டாள்.

"எல்லாரும் செய்றதுதானேமா" என்றாள் ஜுபைதா. அவளுக்கு அப்போது நிஜமாகவே கஷ்டமில்லை.

ஹால் வாசலில் கௌஸ் முகம்மதுவை இறக்கிவிட்டாள். அவர் டோக்கன் எடுத்து வைப்பார். இவர்கள் இரண்டு பேரும் பக்கத்துத் தெருவில் பாஸ்போர்ட்டுக்கும் ஐடிக்கும் காப்பி எடுத்துக்கொண்டு வருவதாக ஏற்பாடு.

காப்பி எடுக்கப் போன இடம் டைப்பிங் சென்டர். தட்டச்சு வகுப்பு என்று நினைத்துவிட வேண்டாம். விசா, லைசன்ஸ், வாடகை என்று இந்த நாட்டில் எதற்கு விண்ணப்பம் போட்டாலும் அரபியில் அடித்துத் தருகிற சின்னக் கடை அது. அங்கே கம்ப்யூட்டர் முன்னால் நாகர்கோவில் ஷியாமளா உட்கார்ந்திருப்பாள். அல் ஐன் தமிழ்க் குடும்பங்களில் யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்பது அவரவர் வீட்டுக்குத் தெரிவதற்கு முன்னால் அவளுக்குத் தெரியும்.

"வாங்கக்கா. மூணு பாஸ்போர்ட்டும் கொண்டு வந்திருக்கியளா?"

"என்னோடது மட்டுந்தான். ரெண்டு காப்பி எடு."

"அப்போ கேன்சல் இன்னைக்கு இல்லியா? இந்த வாரம் வாறோம்னுல்லா கௌஸ் பாய் சொல்லிட்டுப் போனாவ." ஷியாமளா பாஸ்போர்ட்டை மெஷினில் கவிழ்த்துக்கொண்டே பேசினாள். "குடும்பத்து விசா மூணையும் மொதல்ல கேன்சல் பண்ணினாத்தான் அவரோடதப் பண்ண முடியும் பாத்துக்கிடுங்க. லைசன்ஸ் பேர் மாத்தி ஒரு மாசம் ஆகப் போகுதுல்லா. புது ஆளு தினமும் போன் போடுகாரு."

"எந்த லைசன்ஸ்?"

"கடை லைசன்ஸ்தாங்கா. அந்த மலப்புரத்துக்காரர் பேருக்கு…" என்று சொல்லிக்கொண்டே திரும்பியவள் ஜுபைதாவின் முகத்தைப் பார்த்துவிட்டாள். மெஷின் பாட்டுக்குக் காப்பியைத் துப்பியது. "அக்காக்குத் தெரியும்னுல்லா நெனச்சேன்."

"தெரியும்" என்றாள் ஜுபைதா. "மறந்துட்டேன். என்னா தேதி அது?"

ஷியாமளா கொஞ்சம் தயங்கிவிட்டு ஸ்க்ரீனைப் பார்த்துச் சொன்னாள். போன மாதம் ஒன்பதாம் தேதி.

ஓட்டெடுப்பு நடந்தது பதினேழாம் தேதி. ஃபஸ்னா இரண்டு கையைத் தூக்கியது, இவள் யோசிக்கணும் என்றது, அவர் பெருந்தன்மையாக முடிவை இவளிடம் விட்டது எல்லாமே அதற்கு எட்டு நாள் கழித்து. கடை கை மாறிய பிறகு வீட்டில் ஓட்டு எதற்கு? விளையாட்டுக்கா?

"உம்மா, வாப்பா கடைய—"

"காப்பிய வாங்கிட்டு வா" என்று சொல்லிவிட்டு ஜுபைதா வெளியே வந்தாள். வேன் கதவைத் திறந்து ஏறினாள். மூன்று வாரம் பல் டாக்டரை விசாரித்தோமே என்று நினைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது. தம்பி கிண்டல் பண்ணியது சரிதான் என்று பட்டது.

ஹாலில் கௌஸ் முகம்மது முப்பத்தொன்றாம் நம்பர் டோக்கனோடு இரண்டு நாற்காலி பிடித்து வைத்திருந்தார். ஒன்றில் ஃபைல், இன்னொன்றில் அவருடைய தொப்பி. தொப்பியை எடுத்துக்கொண்டு அவளை உட்காரச் சொன்னார். அஃப்னா சுவரோரம் நின்றுகொண்டாள்.

ஜுபைதா அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தாள். அவள் சுபாவம் அப்படி.

"ஊருக்குப் போறதப் பத்தி நான் இன்னும் ஒண்ணும் சொல்லல."

"அவசரமில்ல. சொல்லு மெதுவா."

"வேண்டாம்னு சொன்னா?"

"வேண்டாம்னா வேண்டாம். அதான் சொன்னேன்ல, நீ சொல்றதுதான்." கண்ணைக் கூடச் சிமிட்டவில்லை. டோக்கன் போர்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இருவத்தொம்போது போயிட்டு இருக்குது. பேனா வச்சிருக்கியா?"

அடப்பாவி மனுசா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

முப்பத்தொன்று வந்தது. கையெழுத்துப் போடுகிறவர் மட்டும் மேஜைக்கு வர வேண்டும் என்று கௌஸ் முகம்மதுவைக் கயிற்றுக்கு அப்பால் நிறுத்திவிட்டார்கள். அதிகாரி வடக்கத்தி ஆள், நடுவயது, காலையிலிருந்து இதே வேலையைச் செய்த சலிப்பு முகத்தில் தெரிந்தது. காகிதத்தைப் புரட்டினார், போட்டோவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். எல்லோரிடமும் கேட்கிற கேள்வியை இந்தியில் கேட்டார். சொந்த விருப்பத்தின் பேரில்தானே கையெழுத்துப் போடுகிறீர்கள்?

அவர் பேனாவை அவள் பக்கம் தள்ளியும் விட்டார். இந்தக் கேள்விக்கு அந்த ஹாலில் ஒரே ஒரு பதில்தான் அன்றுவரை வந்திருக்கும்.

"நஹி, ஸாப்" என்றாள் ஜுபைதா.

அதிகாரி, இந்தி புரியவில்லை போல என்று நினைத்துக்கொண்டு பக்கத்து மேஜையிலிருந்த சங்கத்துத் தமிழரைக் கூப்பிட்டார். அவர் ஓடி வந்து, "அம்மா, உங்க விருப்பத்துலதானே போடுறீங்கன்னு கேக்குறார். ஆமான்னு சொல்லணும்" என்றார்.

"புரிஞ்சுதான் சொன்னேன். என் விருப்பத்துல இல்ல."

தமிழர் அதை இந்தியில் சொன்னார். அதிகாரி முதல் தடவையாக அவளைச் சரியாக நிமிர்ந்து பார்த்தார். காகிதங்களை ஒழுங்காக அடுக்கி ஃபைலில் வைத்து அவளிடமே கொடுத்துவிட்டு, அடுத்த நம்பரைக் கூப்பிடச் சொன்னார்.

கயிற்றுக்கு அப்பால் கௌஸ் முகம்மது, "என்னாச்சு? என்னா குறையுது? போட்டோவா?" என்று கேட்டுக்கொண்டே கூட வந்தார். ஜுபைதா நேரே வேனுக்கு நடந்தாள். மூன்று பேரும் ஏறிக் கதவைச் சாத்தியதும் ஃபைலை அவர் மடியில் வைத்தாள்.

"கடைய எப்ப குடுத்தீங்க?"

அவர் அஃப்னாவைத் திரும்பிப் பார்த்தார். அஃப்னா ஜன்னலைப் பார்த்தாள்.

"ஒம்பதாந் தேதி" என்று ஜுபைதாவே சொன்னாள். "சரி, அத விடுங்க. வீட்ட இப்பவே எழுதணும்னு ஜுலைஹா பீவி கேட்டாஹளா?"

"அது… முறைதானே."

"கேட்டாஹளா?"

"நாந்தான் சொன்னேன்." குரல் இறங்கிவிட்டது. "கடை படுத்துருச்சுன்னு போய் ஊருல நிக்கச் சொல்றியா ஜுபைதா? எங்கூட வந்தவன்லாம் பெருசா இருக்கான். மக கல்யாணம், வீடு எழுதணும், அந்த வேலையப் பாக்கத்தான் எல்லாத்தையும் முடிச்சிட்டு வந்துட்டேன்னு சொன்னா ஒரு மருவாதியா இருக்கும்ல. பள்ளிவாசல் வாசல்ல ஒருத்தன் கேட்டா சொல்ல எனக்கு ஒரு காரணம் வேணும்ல."

அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. பாவம் ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். எதை முதலில் எடுப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.

"எங்கிட்ட சொல்லிருக்கலாம்ல?"

"சொன்னா நீ வேண்டாம்னுருப்ப."

"போவலாம்னு சொல்லத்தான் இருந்தேன். இன்னைக்கு மத்தியானம்."

கௌஸ் முகம்மதுவின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்புறம் என்னா? ரெண்டு பேரும் ஒண்ணுதானே சொல்றோம்!"

"ஒண்ணு இல்ல. நீங்க கேக்குறீங்கன்னு நெனச்சு நான் மூணு வாரம் கெடந்து யோசிச்சேன். நீங்க கேக்கவே இல்ல. எனக்கு அதுதான் பொறுக்கல."

அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவர் போன் அடித்தது. பெயரைப் பார்த்ததும் திருட்டு முழி முழித்தார். ஜுலைஹா பீவி. கையெழுத்து ஆகிவிட்டதா என்று கேட்கத்தான் இருக்கும். அவர்தான் நேற்றே நேரத்தைச் சொல்லி வைத்திருப்பாரே.

"நான் என்னத்தச் சொல்ல?" என்று போனை நீட்டினார். ஜுபைதா வாங்கிக்கொண்டாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும், ராத்தா. ஜுபைதா பேசுறேன்."

"வ அலைக்கும் ஸலாம். முடிஞ்சுதாம்மா?"

"இல்ல ராத்தா. நாங்க ஊருக்கு வாரோம், இன்ஷா அல்லாஹ். கடையக் குடுத்தாச்சு, யாவாரம் இல்ல, அதான் வாரோம். வீடு எம் பேர்லயே இருக்கட்டும்."

கௌஸ் முகம்மது கண்ணை மூடிக்கொண்டார். ஒரு மாதமாக அவர் பொத்திப் பொத்தி வைத்ததை ஒரே மூச்சில் போட்டு உடைத்துவிட்டாள்.

மறுமுனையில் மின்விசிறிச் சத்தத்துக்கு நடுவே ஜுலைஹா பீவியின் குரல் வந்தது. "நானா ஒண்ணும் கேக்கலியேம்மா. உங்க ஊட்டுல அவுஹதானே சொன்னாஹ. நான் குடும்பம் பூரா சொல்லி வச்சிட்டேன். இப்ப இல்லைங்கிறீங்க. மாப்ளை வந்து எறங்க ஒரு ஊடு வேணும்ல?"

"எங்க ஊட்டுலதான் எறங்கட்டும். எம் மாப்ளையும் அங்கதான் எறங்குனாஹ. எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ள ராத்தா. யாருக்கு எப்போ எழுதணும்னு நான் யோசிச்சுச் செய்றேன். உங்க மகனக் குறையில்லாம வச்சுக்குவேன். அதுக்கு நான் பொறுப்பு."

"நீங்க பொறுப்பா இருக்குறது சரி. ஊருல கேட்டா நான் என்னா சொல்ல?" ஜுலைஹா பீவியின் குரலில் கோபமில்லை. அதுதான் ஜுபைதாவைப் பயமுறுத்தியது. "சரி. ஹஸ்னைன்ட்ட பேசிட்டுச் சொல்றேன்."

போன் வைக்கப்பட்டது.

"போச்சு" என்றார் கௌஸ் முகம்மது. "கல்யாணம் நின்னா என்னா செய்வ?"

ஜுபைதா கண்ணாடியில் மகளைப் பார்த்தாள். ஏழு மாதமாக அந்தப் பையனோடு தினமும் பேசுகிறவள். அவன் தம்மாமில் டூட்டி முடிந்து ரூமுக்கு வரும் நேரம் இவளுக்கு மனப்பாடம். தன் ரோஷத்துக்கு மகளின் கல்யாணத்தைப் பணயம் வைத்துவிட்டோமோ என்று தோன்றியது. ஒரு வார்த்தை அவளைக் கேட்டோமா? இல்லை. அவரைத் திட்டிய வாயால் தானும் அதையேதான் செய்திருந்தாள்.

"அஃப்னா" என்றாள். "நான் உன்னக் கேட்டிருக்கணும்மா. கேக்கல. கோவத்துல இருந்தேன். இப்பக் கேக்குறேன், நான் செஞ்சது தப்புன்னு நீ சொன்னா, திரும்பப் போய் நிக்கிறேன். ஹால மூட இன்னும் ஒரு மணி நேரம் இருக்குது."

அஃப்னா போனை எடுத்து ஹஸ்னைனுக்கு அடித்தாள். வாப்பா முன்னால் அவனோடு அவள் பேசியதே கிடையாது. கௌஸ் முகம்மது சங்கடப்பட்டுக் கதவுக் கைப்பிடியைப் பிடித்தார். "இருங்க வாப்பா, இறங்காதீங்க" என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஹலோ" என்றது அவன் குரல். பின்னால் ஏதோ மெஷின் சத்தம். "என்ன இந்த நேரத்துல? டூட்டில இருக்கேன்."

"ஒரு நிமிஷம். உம்மா அவங்க வீட்ட எனக்கு எழுதித் தரல. எனக்கு வீடு இல்ல, ஹஸ்னைன். வாப்பாவோட கடையும் இல்ல. இப்ப உங்க உம்மா போன் பண்ணுவாங்க. அதுக்கு முந்தி நீங்க எங்கிட்ட சொல்லுங்க. கல்யாணம் ஓகேவா, இல்லையா?"

அங்கே யாரோ ஒருவன் ஜல்தி ஜல்தி என்று கத்தினான். ஹஸ்னைன் கொஞ்சம் தள்ளிப் போயிருக்க வேண்டும், மெஷின் சத்தம் குறைந்தது.

"என்ன திடீர்னு… சரி, நான் உம்மாட்ட பேசிட்டு நைட்டு சொல்றேனே?"

"நான் உங்க உம்மாவக் கேக்கல" என்றாள் அஃப்னா. "உங்களக் கேக்குறேன்."

வேனுக்குள் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. கௌஸ் முகம்மது கைப்பிடியை விட்டுவிட்டு உள்ளே திரும்பி உட்கார்ந்தார். ஜுபைதா கண்ணாடியிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. அஃப்னா போனை இறக்கவில்லை.

தம்மாமிலிருந்து பதில் வரவில்லை. லைனும் கட்டாகவில்லை.